ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜெயித்தவர்: பெயின்ட்பால் அணிகள் பேசக் கற்றுக்கொண்ட கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பச்சை நிற வைட்டமின் இ மாத்திரையைக் கையில் எடுத்து விரலால் அழுத்திப் பாருங்க. மெத்துன்னு இருக்கும். வெளியே ஜெலட்டின் தோல், உள்ளே எண்ணெய். அந்தத் தோலுக்குள் எண்ணெய்க்குப் பதிலா பெயின்ட்டை அடைச்சா அதுதான் பெயின்ட்பால்.

உவமைக்குச் சொல்லலை. நிஜமாவே ஒரே தொழில்நுட்பம்தான். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ராபர்ட் ஷெரர் 1930-களில் ஒரு மெஷின் கண்டுபிடித்தார். இரண்டு ஜெலட்டின் பட்டைகள் இரண்டு உருளைகளுக்கு நடுவே இறங்கும். சரியா அந்த இடத்தில் மருந்து ஊத்தும். உருளைகள் அழுத்தி, ஒட்டி, வெட்டித் தள்ளும். இன்றைக்கு நீங்க விழுங்குற மீன் எண்ணெய் மாத்திரை வரைக்கும் அந்த வழியில் வந்ததுதான். முதல் பெயின்ட்பால்களைச் செய்து கொடுத்ததும் ஷெரரின் மருந்து கம்பெனிதான்.

எதுக்காக? மரத்துக்காக. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் நெல்சன் பெயின்ட் கம்பெனின்னு ஒண்ணு. வெட்ட வேண்டிய மரங்களில் வனத்துறைக்காரர்கள் அடையாளம் வைக்கணும். ஓடையைத் தாண்டி, முள்ளுக்குள்ள நிக்கிற மரத்துக்கெல்லாம் நடந்து போக முடியாது. தூரத்தில் நின்னே சுட்டால்? அதுக்கு வந்தது நெல்-ஸ்பாட் 007 என்ற கைத்துப்பாக்கி. மாட்டுப் பண்ணைக்காரர்களும் மாடுகளுக்குக் குறி போட இதை வாங்கினாங்க.

இதை மனுஷன் மனுஷன் மேல அடிச்சுப் பார்க்கலாம்னு தோணுனது ஒரு வாக்குவாதத்தில்.

சார்லஸ் கெய்ன்ஸ் ஒரு எழுத்தாளர். அர்னால்டை உலகத்துக்குக் காட்டிய 'பம்பிங் அயர்ன்' புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருத்தர். அவருடைய நண்பர் ஹேய்ஸ் நோயல், நியூயார்க்கில் பங்குத் தரகர். காட்டில் தனியா விட்டா யார் தப்பிப்பாங்க, வேட்டையாடி வளர்ந்த ஆளா, நகரத்தில் அடிபட்டுப் பழகிய ஆளா? இதுதான் சண்டை. பேசிப் பேசித் தீரலை. பாப் கர்ன்ஸி என்ற இன்னொரு நண்பரும் சேர்ந்துக்கிட்டார்.

1981 ஜூன் 27. நியூ ஹாம்ப்ஷயரில் ஹெனிக்கர் என்ற ஊர்ப் பக்கத்துக் காடு. மொத்தம் 12 பேர், ஆளுக்கொரு நெல்-ஸ்பாட். காட்டுக்குள்ள நாலு இடத்தில் நாலு நிறக் கொடிகள். நாலையும் எடுத்துட்டு, பெயின்ட் படாம வெளிய வர்றவர் ஜெயிச்சவர். அணி கிடையாது. ஒவ்வொருத்தரும் மத்த 11 பேருக்கும் எதிரி.

அந்த 12 பேரில் வியட்நாம் போரில் இருந்தவர் உண்டு, பழைய குத்துச்சண்டை வீரர் உண்டு, எங்க ஜாதிக்காரர் ஒருத்தரும் உண்டு, விபத்து சிகிச்சை சர்ஜன். (அவர் ஜெயிக்கலை. பரவாயில்லை.)

ஜெயித்தவர் ரிட்சி வைட். வனத்துறை வேலை பார்த்தவர். அவர் ஒரு குண்டுகூடச் சுடலை. யார் கண்ணிலும் படாம, யார்கிட்டயும் பேசாம, நடந்து போய் நாலு கொடியையும் எடுத்துட்டு வந்துட்டார்.

இதை நல்லா நினைவில் வச்சுக்கோங்க. இந்த விளையாட்டின் முதல் சாம்பியன் வாயே திறக்காதவர். இன்றைக்குத் தொழில்முறைப் போட்டி ஒண்ணை யூடியூபில் போட்டுப் பாருங்க. அஞ்சு பேரும் தொண்டை கிழியக் கத்திட்டு இருப்பாங்க. நடுவில் என்ன நடந்துச்சு என்பதுதான் இந்த த்ரெட்.

அதுக்கு முன்னாடி கண்ணைப் பத்திப் பேசியே ஆகணும். டாக்டர் எழுதுறப்போ இது தவிர்க்க முடியாது, மன்னிச்சுக்கோங்க.

பெயின்ட்பாலின் விட்டம் சுமார் 17 மில்லிமீட்டர். எடை 3 கிராம் அளவு. போட்டிகளில் அனுமதிக்கும் வேகம் நொடிக்கு 300 அடி வரை, அதாவது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல. உடம்பில் பட்டால் ஒரு நீலத் தழும்பு, ஒரு வாரம் தொட்டா வலிக்கும். அவ்வளவுதான்.

கண்ணில் பட்டால் கதையே வேற. கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டால் கண்ணைச் சுத்தியுள்ள எலும்பு வளையம் அடியில் பெரும் பங்கை வாங்கிக்கும், ஏன்னா பந்து அந்தக் குழியைவிடப் பெருசு. பெயின்ட்பால் அந்தக் குழியைவிடச் சின்னது. நேரா உள்ள போய்க் கண் விழியிலேயே மோதும். உள்ளே ரத்தம் கட்டும், லென்ஸ் இடம் விலகும், விழித்திரை பிரியும். சில சமயம் விழியே கிழிஞ்சுடும்.

1985-லேயே கனடாவின் கண் மருத்துவர்கள் இந்தப் 'போர் விளையாட்டு'க் காயங்களைப் பற்றி அந்நாட்டு மருத்துவ சங்க இதழில் எழுதிட்டாங்க. எழுதியவர்களில் ஒருவர் டாம் பாஷ்பி. ஐஸ் ஹாக்கி வீரர்கள் தலைக்கவசமும் முகமூடியும் போட வேண்டும் என்று பல வருஷம் போராடி விதிகளைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஆரம்ப காலத்தில் போட்டது பட்டறைக் கண்ணாடி. அப்புறம் மோட்டோகிராஸ் பைக் ஓட்டுறவங்களின் கண்ணாடி. அதுக்கப்புறம்தான் முகம், காது எல்லாம் மூடுற, இந்த ஆட்டத்துக்குன்னே செய்த முகமூடி. அதிலும் ஒரு சிக்கல்: மூச்சுக்காத்தில் கண்ணாடி பனி படிஞ்ச மாதிரி மங்கிடும். ஒண்ணும் தெரியலைன்னு ஆட்டத்தின் நடுவில் முகமூடியைத் தூக்குவாங்க. அந்த ரெண்டு நொடியில் பார்வை போனவங்க இருக்காங்க. பல நாடுகளின் மருத்துவ அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: முகமூடி போடலை, இல்லைன்னா கழட்டிட்டாங்க.

இரட்டை அடுக்கு லென்ஸ் வந்து அந்த மங்கலைக் குறைச்சது. என்னைக் கேட்டா பெயின்ட்பால் வரலாற்றில் எந்தத் துப்பாக்கியைவிடவும் பெரிய கண்டுபிடிப்பு அதுதான். கண்ணைப் பத்தின பயம் இல்லாம பத்தடி தூரத்தில் மோத முடிஞ்சதுக்கு அப்புறம்தான் அணி ஆட்டம்னு ஒண்ணு வளரவே முடிஞ்சது. (ஆபீஸ் டூர்ல ரிசார்ட்டுக்குப் போய் விளையாடுறவங்களுக்கு: களத்துக்குள்ள முகமூடியைத் தூக்காதீங்க. "அவுட் ஆயிட்டேனே" என்பதும் காரணம் இல்லை. அடுத்தவன் குண்டுக்கு அது தெரியாது.)

சரி, அணிகளுக்கு வருவோம்.

கர்ன்ஸி இதை வியாபாரமாக்கினார். 1983-ல் அமெரிக்காவில் தேசிய அளவில் போட்டி நடத்தினாங்க. ஜெயிச்சுட்டுப் போனது கனடாவிலிருந்து வந்த அணி! 15 பேர், பிறகு 10 பேர்னு அணிகள் உருவாச்சு. ஆனா களம் இன்னும் காடுதான். உருமறைப்பு உடை, முகத்தில் கரி, புதருக்குள் படுத்துக் காத்திருப்பது. ரிட்சி வைட்டின் ஆட்டத்தையே பத்து பேர் சேர்ந்து ஆடினாங்கன்னு வைங்க.

1990-களின் நடுவில் எல்லாம் தலைகீழ். காட்டை விட்டு வெட்டவெளிக்கு வந்தாங்க. காத்தடிச்ச ரப்பர் தடுப்புகளைப் புல்வெளியில் நிறுத்தி, அதையே களமாக்கும் பழக்கம் பிரான்ஸ் பக்கமிருந்து பரவுச்சு. குழந்தைங்க பிறந்தநாள் விழாவில் குதிக்கிற காத்து மெத்தை இருக்குல்ல, அது மாதிரி. களத்தின் ரெண்டு பாதியும் கண்ணாடி பிம்பம் மாதிரி ஒண்ணே. பார்வையாளர் வெளிய நின்னு பார்க்கலாம், கேமரா வைக்கலாம்.

ஒரு ஓரத்தில் தரையோடு தரையா நீளமா படுத்திருக்கும் தடுப்புக்குப் பேர் 'ஸ்னேக்'. எதிர் ஓரத்தில் முக்கோணமா நிக்கிறவை 'டொரிட்டோ', ஆமாம், அந்த சிப்ஸ் பேர்தான். பேர் வச்சது விளையாட்டுக்கு இல்லை. கத்தும்போது ஒரே சொல்லில் இடம் புரியணும்.

ஏன் கத்தணும்? ஸ்னேக்கில் படுத்திருக்கிறவரை யோசிங்க. மூக்குக்கு முன்னாடி ரப்பர், கீழ புல். தலையைத் தூக்கினா அடி. எதிராளி எங்க இருக்கான்னு அவருக்குத் தெரியவே தெரியாது. பின்னாடி நிக்கிறவருக்குத்தான் களம் முழுக்கத் தெரியும். ஆனா அங்கிருந்து அவர் சுட்டு எதிராளியை வீழ்த்துவது கஷ்டம். பார்க்கிறவர் ஒருத்தர், செய்ய வேண்டியவர் வேற ஒருத்தர்.

ஆபரேஷன் தியேட்டரில் எங்க நிலைமையும் அதுதான். சர்ஜனின் கண் வயித்துக்குள்ள இருக்கும். ரத்த அழுத்தம் இறங்குறதைப் பார்ப்பவர் தலைமாட்டில் நிக்கிற மயக்க மருத்துவர். அவர் மரியாதைக்காக வாயை மூடிட்டு இருந்தா நோயாளி போயிடுவார். "அட்ரினலின் ஒரு மில்லிகிராம்" என்றால், ஊசி போடுறவர் "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் போட்டாச்சு"ன்னு திருப்பிச் சொல்லணும். சொன்னது காதில் விழுந்துச்சா என்பது சொல்றவருக்கும் தெரியணும். நல்ல பெயின்ட்பால் அணியும் இதேதான் செய்யும். ஒருத்தர் கத்துவதை மத்தவர்கள் அப்படியே திருப்பிக் கத்துவாங்க. எதிரணியில் எத்தனை பேர் போயாச்சு என்ற கணக்கை அஞ்சு வாயும் மாத்தி மாத்திச் சொல்லும்.

இதை அணிகள் ஒரே நாளில் கத்துக்கலை. நடுவில் பத்து வருஷத்துக்கு மேல வேற ஒரு போதையில் இருந்தாங்க: துப்பாக்கி.

முதல் நெல்-ஸ்பாட்டில் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துப் பூட்டணும். 1990 வாக்கில் தானா அடுத்த குண்டு ஏறும் துப்பாக்கி. அப்புறம் பேட்டரியில் ஓடும் எலக்ட்ரானிக் துப்பாக்கி. 2000-க்குப் பிறகு நொடிக்கு 20 குண்டு வரைக்கும் பேச்சு போச்சு. போட்டி நடத்துறவங்களே பயந்து உச்ச வரம்பு வச்சாங்க. முதலில் 15. அதைப் படிப்படியா குறைச்சு இன்றைக்கு நொடிக்கு 10 பக்கம் நிக்குது. எல்லார் கையிலும் ஒரே வேகம். காசு கொடுத்து வாங்கக்கூடிய சாதகம் அங்கேயே முடிஞ்சது.

அப்போ எதில் ஜெயிக்கிறது?

இங்கதான் எனக்குப் பிடிச்ச திருப்பம். 2002-ல் ரிச்மண்ட் இடாலியா என்ற கனடாக்காரர், மாண்ட்ரியாலில் பெயின்ட்பால் தயாரிக்கும் கம்பெனி நடத்தியவர், 'எக்ஸ்-பால்' என்ற புது ஆட்டமுறையை நாடுகளுக்கு இடையேயான போட்டியாகவே நடத்திக் காட்டினார். அடுத்த வருஷமே அதை வச்சு ஒரு தொழில்முறை லீக்.

அதுவரைக்கும் ஒரு ஆட்டம்னா ஒரே ஒரு தடவை. கொடியை எடுத்தா வெற்றி, இல்லைன்னா தோல்வி. ஆரம்ப ஓட்டத்திலேயே ரெண்டு பேர் அடிபட்டா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். என்ன தப்பு பண்ணினோம்னு யோசிக்கலாம், ஆனா அதே எதிரணிகிட்ட அதே களத்தில் உடனே திருத்திப் பார்க்க வாய்ப்பு கிடையாது.

எக்ஸ்-பாலில் 25 நிமிஷம் வீதம் ரெண்டு பாதி. அணிக்கு அஞ்சு பேர் களத்தில், மத்தவங்க வெளிய. கொடியை எதிரணி வாசலில் மாட்டினா ஒரு பாயிண்ட். சுமார் ரெண்டு நிமிஷம் இடைவெளி, திரும்ப ஆரம்பம். ஒரே போட்டிக்குள் பத்து, பதினைஞ்சு தடவை அதே ஓட்டம், அதே எதிராளி. சுத்தி ஒரு குழுவே வேலை செய்யும்: ஒருத்தர் குண்டு நிரப்புவார், ஒருத்தர் காத்து அடைப்பார், ஒருத்தர் பெயின்ட்டைத் துடைப்பார். பயிற்சியாளர் அந்த ரெண்டு நிமிஷத்தில் அடுத்த ஓட்டத்தைச் சொல்லணும்.

தப்புக்கும் திருத்தத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு மாசத்திலிருந்து ரெண்டு நிமிஷமா சுருங்கிடுச்சு. அணிகள் முன்னேறியதுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியலை.

ஒழுக்கமும் இதே வழியில்தான் வந்துச்சு. மேல பட்ட பெயின்ட்டைத் துடைச்சுட்டு ஆடுறது இந்த விளையாட்டின் பழைய வியாதி. எக்ஸ்-பாலில் மாட்டினா தண்டனைப் பெட்டியில் உட்காரணும், உங்க அணி ஆள் குறைவா ஆடணும். ஒருத்தரின் திருட்டுக்கு நாலு பேர் அடி வாங்கணும். அப்புறம் உபதேசம் பண்ணவே தேவையில்லை, அணிக்காரனே திட்டிடுவான்.

அந்தக் காலத்து ரெண்டு அணிகளைப் பத்திச் சொல்லணும்.

ஒண்ணு, 2001-ல் உருவான சான் டியாகோ டைனஸ்டி. கலிஃபோர்னியாவின் பேர் பெற்ற அயர்ன்மென் அணிக்கு 'அயர்ன்கிட்ஸ்'னு ஒரு சின்னப் பசங்க அணி இருந்துச்சு. ஆலிவர் லாங், ரயான் கிரீன்ஸ்பான் மாதிரி ஆட்கள் அதில் ஒண்ணா ஆடி வளர்ந்த பசங்க. அவங்களே தனியா வந்து டைனஸ்டி ஆரம்பிச்சாங்க. வந்த வேகத்தில் பெரிய அணிகளையெல்லாம் வாரிச் சுருட்டினாங்க. நட்சத்திரங்களைச் சேர்த்து உருவாக்கின அணி இல்லை அது. ஒருத்தன் எப்ப ஓடுவான்னு மத்தவனுக்கு முதுகைப் பார்த்தே தெரியும். பல வருஷம் ஒண்ணா வேலை பார்த்த சர்ஜனும் தியேட்டர் சிஸ்டரும் மாதிரி. கை நீட்டினா, கேக்காமலே சரியான கத்தி வரும்.

இன்னொண்ணு, மாஸ்கோவின் ரஷ்யன் லீஜியன். இவங்க நேர் எதிர். அமெரிக்காவில் பெரும்பாலான 'தொழில்முறை' வீரர்களுக்கே வாரத்தில் அஞ்சு நாள் வேற வேலை, பயிற்சி சனி ஞாயிறுதான். லீஜியன் இதை முழுநேர வேலையா எடுத்துக்கிட்டாங்க. பழைய சோவியத் விளையாட்டுப் பள்ளி பாணி. ஆட்டத்தைத் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா தேய்க்கிறது.

என்ன துண்டு? முதல் அஞ்சு நொடியையே எடுத்துக்குவோம். களம் சுமார் 150 அடி நீளம், 120 அடி அகலம். மணி அடிச்சதும் அஞ்சு பேரும் தடுப்புகளை நோக்கி ஓடணும். எதிரணியில் ரெண்டு பேர் ஓடாம நின்னு சுடுவாங்க. நூறடி தூரம் போக குண்டுக்கு அரை நொடி பக்கம் ஆகும். அதுக்குள்ள ஓடுறவர் பத்தடி நகர்ந்திருப்பார். அதனால ஆளைப் பார்த்துச் சுட்டா படவே படாது. ரெண்டு தடுப்புக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தைக் குறி வச்சு, குண்டுகளால் ஒரு கயிறு கட்டின மாதிரி விடாம நிரப்பணும். அவரே ஓடிவந்து அதில் மோதுவார்.

இது திறமை இல்லை, மனப்பாடம். அந்த வெற்றிடம் எங்க இருக்கு, துப்பாக்கி எந்த உயரத்தில் நிக்கணும், மணி அடிச்ச எத்தனாவது கணத்தில் முதல் குண்டு போகணும்னு நூறு தடவை செஞ்சவருக்குத்தான் வரும். அதே மாதிரி இடது கை, வலது கை ரெண்டிலும் சுடப் பழகறது. தடுப்பிலிருந்து தலையைக் காட்டி, சுட்டு, உள்ள இழுக்கிறதை எதிரெதிரா ரெண்டு பேர் மணிக்கணக்கா செய்யறது. மூணு பேர் மிச்சம், எதிரில் ஒருத்தர்தான்னா அதை எப்படிப் பதறாம முடிக்கிறது. இந்தக் கடைசி ஒண்ணை நிறைய அணிகள் பயிற்சி செய்யறதே இல்லை. எப்படியும் ஜெயிச்சுடுவோம்னு நினைப்பு. கையில் இருந்த பாயிண்ட் போறது அங்கதான்.

இப்போ போட்டிக்கு முன்னாடியே களத்தின் வரைபடத்தை வெளியிட்டுடறாங்க. எல்லா அணியும் சொந்த ஊரில் அதே மாதிரி தடுப்புகளை நிறுத்திப் பழகும். மத்த அணிகளின் ஆட்டத்தை வீடியோவில் பார்த்து, யார் எந்தப் பக்கம் ஓடுறாங்கன்னு எண்ணி எழுதிக்கும். ஒளிஞ்சிருக்கும் ரகசியம்னு எதுவும் மிச்சமில்லை.

ஒரு காலத்தில் ஓரத்தில் நின்னு பயிற்சியாளரும் ரசிகர்களும் எதிராளி இருக்கும் இடத்தைக் கத்திச் சொல்லலாம்னு இருந்துச்சு. கேலரியே அணியின் கண்ணா வேலை செஞ்சது. பிறகு தொழில்முறைப் பிரிவில் அதைத் தடை பண்ணிட்டாங்க. கேலரியை நம்பி ஆடின அணிகள் திடீர்னு ஊமை ஆனாங்க. தங்களுக்குள்ள பேசப் பழகியிருந்த அணிகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை.

இன்னொரு விதி இருக்கு, அதைக் கேட்டுட்டு முடிச்சுக்கலாம். அடிபட்டவர் பேசக் கூடாது. கையைத் தூக்கிட்டு, வாயை மூடிட்டு வெளிய நடக்கணும். எதிராளி எந்த மூலையில் இருக்கான்னு அவருக்கு அப்பத்தான் மிகச் சரியா தெரிஞ்சிருக்கும், ஏன்னா அவன்தானே சுட்டான். சொல்ல முடியாது. அந்தப் பாயிண்ட் முடியும் வரைக்கும் தலையில் வச்சுக்கிட்டு நிக்கணும்.

பாயிண்ட் முடிஞ்ச உடனே கடிகாரம் ஓடும். ஒருத்தர் முதுகைத் துடைச்சுட்டு இருப்பார், இன்னொருத்தர் குண்டு அடைச்சுட்டு இருப்பார். நல்ல அணியின் பயிற்சியாளர் அந்த ஆள்கிட்ட முதலில் வந்து கேக்கிறது "ஏன்டா அடி வாங்கின"ன்னு இல்லை.

"எங்கிருந்து வந்துச்சு?"